பதினொன்றா, பன்னிரண்டா

"சந்தவாசல் எறங்கு" என்றார் நடத்துநர்.
வாசல் என்று பேர் மட்டும் நிற்கிறது.
ஒரு டீக்கடை, பஞ்சர் ஒட்டும் இடம்,
படைவீட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ.
ஆறு பேர் சேர்ந்தால்தான் தலைநகருக்குக் கிளம்பும்.
நான் நாலாவது ஆள்.

பையில் படிவம், அளவு டேப், மோர் பாட்டில்.
போன வியாழக்கிழமைக் காற்றில் சாய்ந்த வாழையை
எண்ணி, கையெழுத்து வாங்கி,
திங்களுக்குள் வேலூரில் சேர்க்க வேண்டும்.
சம்புவராயர் ஆண்ட ஊர் என்றது
வழியில் ஒரு பலகை.
அதன் கீழ்ப்பாதியை
பூச்சிமருந்து விளம்பரம் ஆண்டுகொண்டிருந்தது.

சுற்றிலும் மலை.
பகைவன் எந்தக் கணவாயில் வருவான் என்று
ஒருவன் ராவெல்லாம் விழித்துப் பார்த்திருப்பான்.
காற்று அவனைக் கேட்டுக்கொண்டா வந்தது?
இலையெல்லாம் நார்நாராய்க் கிழிந்து
கழுத்தொடிந்த மரங்கள்
ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன.

அஞ்சலாட்சி கூடவே வந்தாள்,
அவளும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு.
"தார் தள்ளுனது தனி, தள்ளாதது தனி மேடம்.
ரெண்டுத்தையும் ஒன்னா போட்டுறாத.
போன வாட்டி வந்தவரு
வரப்புலயே நின்னுகினு எழுதிட்டுப் பூட்டாரு."

வரப்பில் நிற்கவில்லை.
சேற்றில் ஒரு செருப்பை விட்டேன், எடுத்தேன்.
முட்டுக் கொடுத்த சவுக்குக் கழிகளும்
மரத்தோடு சேர்ந்தே விழுந்திருந்தன.
அவற்றுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

கொட்டகையில் தண்ணீர் தந்தாள்.
குடம் உட்கார்ந்திருந்த பிரிமணை
வைக்கோல் இல்லை, சுட்ட மண்.
ஏதோ பெரிய ஜாடியின் வாய், தனியாக.
"ஏர்ல மாட்டிச்சி. மீதி நொறுங்கிப்போச்சி.
கள்ளு ஜாடின்னாரு எங்க மாமனாரு.
ராஜா குடிச்சாரோ,
குதிரைக்குப் புல்லு போட்டவன் குடிச்சானோ,
இன்னிக்கி நாம குடிக்கிறது போர் தண்ணி."
சிரித்தாள்.
இந்தப் பக்கத்துப் பனைக்கெல்லாம்
இப்போது கலயம் கட்ட அனுமதியில்லை.
சந்தவாசலில் ஒரு கடை,
வாசலுக்கு இருக்க வேண்டிய கூட்டம்
அங்கேதான் இருந்தது, காலை பன்னிரண்டுக்கே.

மறுபடி எண்ணினேன்.
"நானூத்தி பன்னெண்டு" என்றேன்.
"பதினொன்னு" என்றாள்.
பொதுவாக இது மறுபக்கம் நடக்கும்:
அவர்கள் கூட்டுவார்கள், நாங்கள் குறைப்போம்.
வரிசை வரிசையாகத் திரும்பி நடந்தோம்,
மூலைக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"இது வாழ இல்ல மேடம். கல்லு."

காய்ந்த சருகு போர்த்து,
மற்றவை சாய்ந்த திசையிலேயே சாய்ந்து
ஒரு தூண்.
இடுப்பில் மோட்டார் ஒயர் சுற்றியிருந்தது.
மேல்முனையில் பூவோ மொட்டோ செதுக்கியது,
நான் அதைத் தார் என்று நினைத்து
'தள்ளியது' என்பதில் சேர்த்திருக்கிறேன்.

"இது எப்ப சாஞ்சுது?"
"நான் கட்டிக்கினு வந்தப்பவே
இப்பிடித்தான் கீது.
எடுத்தா மண்ணு சரியும்னு வுட்டுட்டோம்."

அடித்து எழுதினேன்.
அவள் கையெழுத்திட்டாள், அழுத்தி,
பேனா மறுபக்கம் வரை எழும்பியது.
வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன பிறகும்
முற்றாத ஒரு சீப்பு என் பைக்குள் போயிற்று.
விழுந்த மரத்துக் காய், பழுக்காது,
வறுத்துத்தான் தின்ன வேண்டும் என்றாள்.

அதன் பால் படிவத்தில் இறங்கிவிட்டது.
செவ்வாய்க்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து
வரதகுட்டி போன் செய்தார்.
"எண்ணிக்கை மேலயே கறை மேடம்,
பதினொன்னா, பன்னெண்டா?"

பதினொன்று என்றேன்.
போனை வைத்த பிறகும்
எந்தக் காற்று, எந்த வருஷம் என்று
கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.
மணி ஒன்றாகிவிட்டது.
டப்பாவைத் திறந்தேன்.
வாழைக்காய் வறுவல், உப்பு கொஞ்சம் தூக்கல்.