வலது ஓரம்

முசஃபா, ஆகஸ்ட். காலை ஒன்பதுக்கே
கார்க் கதவின் கைப்பிடி கொதிக்கிறது.
நாலாவது மாடியில் கட்டுமானக் கம்பெனி.
"நாலு நாளா வெளுத்து வருது" என்கிறார் பைஜு,
காகிதத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து.

முழுதும் வெளுக்கவில்லை.
வலது ஓரத்தில் மூன்று விரல் அகலம்,
மேலிருந்து கீழே,
யாரோ ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்தது போல.
ஆங்கிலத்தில் வரிகள் முடியுமுன்னே நின்றுபோகின்றன.
அரபியில் தொடங்கவே இல்லை.

டோனரை உருவி இடமும் வலமும் ஆட்டினேன்.
தூள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பரவிவிடும்.
அதுவல்ல.
என் பையிலிருந்த புது டோனரைப் போட்டேன்.
அதே மூன்று விரல்.
ஏசிக்கு அடியில் பிரித்துக் கிடந்த காகிதக் கட்டு
நமுத்த அப்பளமாய் இருந்தது, மாற்றினேன்.
செட்டிங்கில் சிக்கனம் என்றிருந்தது.
"மேனேஜர் சொல்லி வச்சது" என்றார் பைஜு.
அணைத்தேன்.
எழுத்து கொஞ்சம் கறுத்தது. ஓரம் மசியவில்லை.

சுவரோர நாற்காலியில் ஞானதிரவியம்.
பதினோரு வருடம் சாரம் கட்டியவர்.
கணக்கு முடித்து இன்று இரவு விமானம்.
கையில் நேற்றைய தாள்.
"இதுல என்ன தப்பு தம்பி?
வரவேண்டியது எல்லாம் தெளிவாத்தானே தெரியுது."

மூடியைக் கழற்றினேன். பிறகு லேசர் பெட்டி.
உள்ளே ஸ்கேல் போல ஒரு கண்ணாடி.
அதன் ஒரு முனையில் மட்டும்
போன மாதத்து மணற்காற்று
குழந்தைக்குப் பவுடர் போட்டாற்போல் படிந்திருந்தது.
நாலு நாளாய் ஒளி அங்கே தடுக்கி விழுந்திருக்கிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன்,
ஒரே திசையில்.

ஞானதிரவியத்தின் கணக்கையே சோதித்துப் பார்த்தோம்.
சூடாக வந்தது, ஓரம்வரை கறுப்பு.
அரபியில் அவர் பெயர் முதல் எழுத்திலிருந்து இருந்தது.
ஆங்கிலத்தில் கடைசிப் பத்தி முழுசாக:
காய்ச்சலில் படுத்த நாட்கள், பிடித்தம்.
தொலைந்த ஹெல்மெட், பிடித்தம்.
விசாச் செலவு, பிடித்தம்.
அடியில், கட்டத்துக்குள், மிச்சம்.

இரண்டு தாளையும் தொடைமேல் வைத்து
மாறி மாறிப் பார்த்தார்.
புதியதில் கையெழுத்திட்டார்.
பழையதை நாலாக மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் என் ரிப்போர்ட்டை எழுதினேன்:
கோளாறு, தூசி. சரிசெய்யப்பட்டது.
பைஜு சீல் குத்தினார்.
எனக்கான கார்பன் பிரதியில் எதுவும் சரியாக விழவில்லை.
லிஃப்டுக்குக் காத்திருக்கையில்
சுவரில் வைத்து அழுத்தி எழுதினேன்,
தூசி என்பதை மட்டும்.