இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு

ருஸ்தாவியில் பிப்ரவரி.
எஃகு ஆலைப் பக்கக் காற்றுக்குப் பயந்து
ஷட்டரைப் பாதிதான் தூக்குவோம்.
அந்தப் பாதிக்குள் குனிந்து வந்தாள் எத்தேரி,
காரை வெளியே ஓடவிட்டு.

"கேட்கிறதா?"

கேட்டது. டிக்.
வெந்த பயற்றில் பல்லுக்கு அகப்பட்ட கல்.

எட்டாயிரம் சுற்றுவரை ஏறும் எஞ்சின்,
ஆறு சிலிண்டர், இருபத்து நாலு வால்வு.
இருபத்து மூன்று வாய்மூடி உழைக்க
ஒன்று மட்டும் புகார் சொல்கிறது.

"ராடு பேரிங்," என்றான் பத்ரி.
அவனுக்கு எதிலும் கெட்டதுதான் முதலில் தோன்றும்.
டைமிங் லைட்டைப் பிடித்து எண்ணினேன்.
கிராங்க் இரண்டு சுற்று, தட்டு ஒன்று.
கீழே இல்லை, மாடியில்.
அந்த வீட்டில் பாதி வேகத்தில் நடக்கிறது
கேம்ஷாஃப்ட் மட்டும்தான்.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதெலும்பில் அழுத்தி
முனையை ஒவ்வொரு சிலிண்டராய் நகர்த்தினேன்.
ஒன்று, தையல் மெஷின்.
இரண்டு, மூன்று, நாலு, தையல் மெஷின்.
ஐந்தில்
என் மண்டைக்குள்ளேயே கதவைத் தட்டினார்கள்.

இரவெல்லாம் ஆறவிட்டோம். சூடான இரும்பு அளவில் பொய் சொல்லும்.
காலையில் மூடியைக் கழற்றி ஃபீலர் தகடுகளை விசிறியாய் விரித்தேன்.
இருக்க வேண்டியது கால் மில்லிமீட்டர்.
ஐந்தாவதின் எக்ஸாஸ்ட் பக்கம் அரை மில்லிமீட்டர் தகடு நுழைந்தது,
ஆளில்லாத வீட்டுக்குள் போவதுபோல்.

"தடித்த ஷிம் போட்டு அனுப்பிவிடு."
போட்டால் சத்தம் போகும்.
சத்தம்தான் போகும்.

எண்ணெய் ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்தால்
ஜிகினா. பாதி காந்தத்தில் ஒட்டியது.
கேமை மைக்ரோமீட்டருக்குக் கொடுத்தேன்.
பதினொரு முட்டைகள் கூராய் நிற்க
பன்னிரண்டாவதை யாரோ வருடி வருடி மழுக்கியிருந்தார்கள்.
அதன் ராக்கரின் முகத்தில் நீளநீளக் கீறல்.

ஏன் இது மட்டும்?
ஒரே எண்ணெய், ஒரே பம்ப், ஒரே மலைப்பாதை.

எண்ணெய் பீச்சும் துளையில் ஊசியை விட்டேன்.
வந்தது.
கடுகளவு.
சிவப்பு.

கேஸ்கெட் பசை.

இந்த ஊரில் எல்லாப் பட்டறையிலும் சாம்பல் நிறம்தான்.
ஆலை வாசல் ஸவூர் கறுப்பு போடுவார்.
சிவப்பு, நான்.

ஆகஸ்டில், கொம்போரி மலையேற்றத்துக்கு முந்தின இரவு
கேம் கேரியரின் ஓரத்தில் கசிவு.
எத்தேரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க
விரல் தடிமனுக்குப் பிதுக்கினேன்,
கூடினால் நல்லதுதானே என்று.
வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தேன்.
உள்ளே வழிந்ததை எண்ணெய் எடுத்துப்போய்
மிகக் குறுகிய வாசலில் வைத்திருக்கிறது.

பத்ரி பார்த்தான். ரேடியோவைக் குறைத்தான்.
அவ்வளவுதான்.

போனில் சொன்னேன்: கேம் ஒன்று, ராக்கர் பன்னிரண்டு,
காரணம் நான், பணம் என்னுடையது.
அந்தப் பக்கம் வெகுநேரம் பஸ் சத்தம்.
பிறகு, "மார்ச் இருபதுக்குள் ஆகுமா?"
கோபமாகக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பார்சல் வர பத்தொன்பது நாள்.
அதுவரை துளைகள். பெட்ரோல், ஊசி, அழுத்தக் காற்று,
பன்னிரண்டும் என் முகத்தில் துப்பும்வரை.
புதுக் கேமின் மூக்குகளுக்குக் கறுப்பு மசகு பூசி,
டைமிங் குறிகளைச் சேர்த்து,
கையால் இரண்டு சுற்று.
எதுவும் எதையும் முட்டவில்லை.
இடைவெளியை மூன்று தரம் அளந்தேன்,
மூன்றாவது தரம் எனக்காக.

இரண்டாயிரம் சுற்றில் இருபது நிமிடம்.
இருபத்து நாலும் தையல் மெஷின்.
எத்தேரி பானட்டில் காதை வைத்தாள்,
என்னைப் பார்க்கவில்லை, சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
பூட்டுவதற்கு முதல்நாள் பசைக்குழாய் தீர்ந்திருந்தது.
"சாம்பல் வாங்கு," என்றான் பத்ரி,
"ஊரோடு ஒத்துப்போகும். எது யாருடையதென்று தெரியாது."

சிவப்பே வாங்கினேன்.
முனையை மட்டும்
முன்பைவிடச் சிறிதாக வெட்டினேன்.