மாசி மகத்துக்கு இருபது மெகாஹெர்ட்ஸ்

தேவனாம்பட்டினம் கரைக்குப் பின்னால்
சவுக்குகளின் ஓரம்
சக்கரம் வைத்த கோபுரம் ஒன்றை நிறுத்தியிருந்தோம்
நானும் கலிவரதனும்.
வண்டிக்கும் டீசலுக்கும் அவர் பொறுப்பு.
காற்றுக்கு நான்.

காற்றென்றால் எல்லாக் காற்றும் இல்லை.
கம்பெனி ஏலத்தில் எடுத்த இருபது மெகாஹெர்ட்ஸ்.
அதில் நூறு துண்டு.
யாருக்கு எத்தனை என்று
விநாடிக்கு ஆயிரம் தடவை அறுத்துப் போட வேண்டும்.
அறுப்பது இயந்திரம்.
எப்படி அறுக்க வேண்டுமென்று
சொல்லி வைத்தவன் நான்.

பத்து மணிக்கெல்லாம்
ஊர் ஊராகச் சாமிகள் வந்து மணலில் நெருக்கி நின்றார்கள்.
அலையில் நனைய ஆளுக்கு ஒரு முறை.
விசிலும் கழியுமாக ஒருவர்
'புதுப்பாளையம் கொஞ்சம் பின்னால, பின்னால' என்று
வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தார்.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.
அவரிடம் வருபவர்களை எண்ணிவிடலாம்.

என் திரையில் மூவாயிரத்துச் சொச்சம் பேர்.
ஒரே சமயத்தில் எல்லோரும்
எல்லோருக்கும் கடலைக் காட்டினார்கள்.
துபாய்க்கு ஒரு பல்லக்கு போனது.
சிங்கப்பூருக்கு ஈர வேட்டிகள்.
வண்டிக்குக் கிட்டே நிற்பவர்
ஒரு துண்டு கொடுத்தால் மூட்டையே ஏற்றிவிடுவார்;
கெடிலம் கலக்கும் பக்கம், தூரத்தில் நிற்பவருக்கு
அதே துண்டில் ஒரு பிடிதான் போகும்.
ஆகவே கிட்டே இருப்பவனுக்குக் கொடு,
கோடு உயரும்
என்கிறது சென்னையில் ஹரீஷ் பார்க்கும் வரைபடம்.

சோதனை போனோடு அந்தத் தூரத்துக்கு நடந்தேன்.
தள்ளுவண்டிகளை போலீஸ் அங்கேதான் ஒதுக்கியிருந்தது.
பூங்காவனம் என்று பெட்டியில் ஒட்டியிருந்தது,
பணம் வந்தால் பேசும் பெட்டி.
காலையிலிருந்து பேசவில்லையாம்.
'பச்சை டிக்க எல்லாரும்தான் காட்டுறாங்க.
எம் பொட்டி சொல்லணும் இல்ல?'

இருபது ரூபாய்க்குச் சுண்டல் வாங்கி
நானும் அனுப்பினேன்.
வட்டம் சுற்றியது.
கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
அட்டைப்பெட்டி மூடியில் பென்சிலால் எழுதினாள்:
கண்ணாடி 20.
மேலே ஏற்கெனவே
மொட்டை 20, புள்ளக்காரி 10, செவப்பு சட்ட 40.

அவள் பெட்டி கேட்டது என்ன பெரிதாக?
நேரலையில் ஒரு அலையின் நுரைக்கு ஆகும் செலவில்
அவள் ஒரு வருஷம் சுண்டல் விற்கலாம்.

திரும்பி வந்து ஒரு எண்ணை மாற்றினேன்.
ஒரே ஒரு எண்.
பக்கத்தில் நின்றவர்களின் கடல்
கட்டம் கட்டமாக உறைந்தது.
ஒரு மாமா போனை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்.
ஹரீஷ் கூப்பிட்டான், கோடு ஏன் சரியுது?
கூட்டம், என்றேன்.
பொய் இல்லை.
உண்மையும் இல்லை.

சாமிகள் கிளம்பிப் போன பிறகு
அவளிடம் போனேன்.
'பன்னண்டு மணிக்கு வாயத் தொறந்துச்சு பாரு,
மூடவே இல்ல. புள்ள பயந்துடுச்சு.'
மூடியில் எல்லாம் அடித்திருந்தது, இரண்டைத் தவிர.
போனை எடுத்துப் பார்த்தேன்:
என் இருபது போகாமல்
எப்போதோ எனக்கே திரும்பியிருந்தது.

நோட்டாகக் கொடுத்தேன். கண்ணாடியை அடித்தாள்.
சிவப்புச் சட்டை?
'குடுத்திருப்பான். எங்கனா நின்னுக்கிட்டிருக்கும்'
என்று வானத்தைக் காட்டினாள்,
பஸ்ஸுக்கு நிற்கும் ஆளைக் காட்டுவது போல.

கம்பத்தை இறக்கும் முன் திரையைப் பார்த்தேன்.
ஒரே ஒருத்தர் மிச்சம்.
நூறு துண்டும் அவருக்கே,
ஆயிரம் தடவையும்.
யாருக்கோ ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு
வைத்துவிட்டார்.
கலிவரதன் ஜெனரேட்டரை நிறுத்தினார்.