நாலாம் நம்பருக்கு ஒரு பனர்

சேதி வந்தபோது
நாங்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.
ஞாயிற்றுக்கிழமை மெச்சுக்கு
வியாழனிலேயே தொடங்கிவிடுவது வழக்கம்.
கிழவன், முழங்காலில் துரு,
ஓடினால் கிறீச்சென்று கேட்கும் என்று
மேகவண்ணன் சொல்லிச் சிரித்து முடிக்கவில்லை,
கோகுலனின் போனில் ஜெஸீலின் குரல்:

"முப்பத்தாறாகிட்டு. கால் காணும் எண்டு சொல்லிட்டு.
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்.
பிழை உட்டிருந்தா மன்னிச்சிக்கங்க."

பதினேழு செக்கன்.
பதினாறு வருசத்துக்குப் பதினேழு செக்கன்.

மறுகா போடச் சொன்னார் ஒருவர்.
மறுகா கேட்டோம்.
கடைசியில் பின்னால் ஒரு பிள்ளை
"வாப்பா, ரிமோட் எங்க" என்பதும் விழுந்தது.

கொழும்பில் ஆறு சீசன், மாலைதீவில் மூன்று,
நாட்டுக்காக ஒன்பது மெச், அதில் ஏழு தோல்வி.
மிச்சமெல்லாம் எங்களுக்கு எதிராக.
அவன் காத்தான்குடி, நாங்கள் ஆரையம்பதி.
அங்கால் பேரீச்சை மரம், இங்கால் கோயில் தோரணம்.
அவன் அங்கிருந்து உதைத்தால்
பந்து இங்கே வந்து விழும்.
அந்தத் தூரத்தைக் கடக்க
எங்கள் அப்பாமாருக்குச் சில வருடங்கள் எடுத்தன.

அந்த இறுதிப்போட்டியைச் சொல்லாமல் முடியாது.
கச்சான் காத்து புழுதியை வாரி அடித்த ஆடி மாசம்.
ஒண்டுக்கு ஒண்டு, எண்பத்தெட்டாவது நிமிசம்,
எங்கட கோணர் கிக்.
பெட்டிக்குள் நாற்பது கால்.
பந்து எதில் பட்டதென்று எவனுக்கும் தெரியாது.
றெஃப்ரி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.
நாங்களே கேட்கவில்லை,
வாயில் கச்சான் அரைபட
அடுத்த கோணருக்குக் காத்திருந்தோம்.

அவன் வலது கையை உயர்த்தினான்,
வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது உயர்த்துவதுபோல.
"எண்ட கையில பட்டது, சேர்."

பெனால்ட்டி.
கப் எங்களுக்கு.

அவனுடைய ஆட்கள் நோன்பு வரைக்கும்
அவனோடு கதைக்கவில்லை என்று கேள்வி.
நாங்கள் ட்ரக்டரில் ஊர்வலம் போனோம்.
அந்த வருடத்திலிருந்துதான்
அவனை இன்னும் மோசமாகத் திட்டத் தொடங்கினோம்.
ஏனென்று ஒருவரும் கேட்டதில்லை.
கழக அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம்
அந்தக் கப்பின் கைபிடிகளில் ஒன்று
அவன் கை மாதிரித் தெரிவது எனக்கு மட்டும்தானா
என்பதையும் நான் கேட்டதில்லை.

"பனர் ஒண்டு அடிப்பம்" என்றார் தேவகடாட்சம் அண்ணன்,
மெச் நாட்களில் அவன் கழகத்து ஆட்களை
ஓட்டோவில் ஏற்றவே மாட்டாதவர்.
எட்டடிக்கு நாலடி. காசு சேர்ந்துவிட்டது.
என்ன எழுதுவது?
"எங்கள் வீரன்." எவருடைய எங்கள்?
"எதிரணிச் சிங்கம்." சிங்கம் வேண்டாம், வேற அர்த்தம் எடுப்பார்கள்.
"மண்ணின் மைந்தன்." தேர்தலுக்கா நிற்கிறான்?
"சென்று வா." எங்கே போறான்,
ஒரு கட்டை தூரத்தில்தானே வீடு.
"நன்றி எண்டு போடுவம்" என்றான் கோகுலன்.
எதற்கென்று கேட்க
ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இரவு பத்து மணிக்கு, எழுத்தே வேண்டாமென்று முடிந்தது.
வெள்ளைத் துணியில் ஒரு 4.
இரண்டு ஊரும் முட்டும் இடத்தில்
மின்கம்பங்களுக்கு நடுவே கட்டினோம்.
காலையில் ஒரு பொலிஸ்காரர்
மோட்டார் சைக்கிளை நிறுத்தி
இது எந்தக் கட்சி, யாருடைய இலக்கம் என்று
விசாரித்தாராம்.

ஞாயிறு.
அவர்களுடைய புது நாலுக்குப் பத்தொன்பது வயசு,
பெயர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது.
முதல் பாதியில் ஒரு பந்து எகிறி
அவன் முழங்கையை உரசியது.
உரசியதோ, காத்தோ.
விசில் இல்லை.

நாங்கள் கத்தவில்லை.
அந்தப் பக்கத்தாரும் கத்தவில்லை.
கச்சான் விற்கிறவன்கூட
கடதாசிச் சுருளை மடிப்பதை நிறுத்தினான்.
கிறவுண்ட் முழுக்க
அந்தப் பொடியனின் வலது கையைப்
பார்த்துக்கொண்டிருந்தது.