மூலைவிட்டம்

கயாக் வாங்குமுன் முதலில் அளந்தது
எங்கள் புளோக் மின்தூக்கியை.
தரையின் இடது மூலையிலிருந்து
கூரையின் வலது மூலைக்கு
மூன்று மீட்டருக்கு நாலு விரல் குறைவு.
அளப்பது என் தொழில்.
இருபத்தோரு வருடமாக
ஈசூன், காத்திப், செம்பவாங் பெட்டிகளின்
கயிறு பார்ப்பவன்.

கடைக்காரர் இயோ காட்டியதெல்லாம் மூன்றரை மீட்டர்.
நீளமென்றால் நேராய்ப் போகும்,
அகலமென்றால் கவிழாது,
இரண்டும் வேண்டுமென்றால் தோள் வலிக்கும் என்றார்.
"பதினோராவது மாடிக்கு எது ஏறும்?"
சிரித்துக்கொண்டே பின்னறைக்குப் போனவர்
மூன்று துண்டாய்க் கழன்று
நாலு பூட்டில் சேரும் பச்சைப் படகோடு வந்தார்.
விலை சற்றுக் கூட.
சற்று என்றால் அரை மாதச் சம்பளம்.

வசுமதி மின்கட்டணத் தாளின் பின்புறம்
வகுத்துப் பார்த்துச் சொன்னாள்:
"தேக்கா சந்தையில் தொண்ணூற்று நாலு கொடுவா.
வெட்டிச் சுத்தம் செய்தும் தருவான்."

தடி வாங்கப் போன சனிக்கிழமை
கடையில் கால்மணி நேரம்
தரையில் உட்கார்ந்து வீசிப் பார்த்தேன்.
நிற்பவனுக்கு நல்லது
உட்கார்ந்தவனுக்கு முழங்கையில் இடிக்கிறது.
குட்டை எடுக்கலாமென்றால்
மீன் படகுக்கடியில் புகுந்து மறுபக்கம் போகும்போது
தடி நுனி மூக்கைச் சுற்றி வர வேண்டுமே.
ஆறடி ஒன்பது அங்குலத்தில்
இரண்டு நியாயமும் அரைகுறையாய் ஒத்துக்கொண்டன.

பொய்மீன் ஐந்து.
கலங்கலுக்குக் கறுப்பும் பொன்னும்.
மூன்றுமுனை முள்ளைக் கழற்றி
ஒற்றை முள் மாட்டி
எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கினேன்.
இயோ சொன்ன ஒரே புத்திமதி அது:
"மீனுக்காக மட்டுமில்லை.
தனியாய்ப் போகிறாய். உன் விரலுக்கும்தான்."

பாசிர் ரிஸ், காலை ஐந்தே முக்கால்.
பூட்டு நான்கும் டக், டக், டக், டக்.
உயிர்காப்பு உடுப்பு, விசில், தண்ணீர்.
உபின் பக்கம் மீன்பண்ணை விளக்குகள்.
சாங்கியில் இறங்கும் விமானம்
தலைக்கு மேல் சக்கரத்தை விரித்தது.

முன்பாரம், பின்பாரம்.
ரீல் பெட்டியை ஒரு சாண் பின்னே தள்ளினேன்,
மூக்கு சமனுக்கு வந்தது.
எதிரெடை இல்லாமல் எதுவும் மிதப்பதில்லை.

பண்ணை வேலிக்கு வெளியே வீசி
இரண்டு இழு, ஒரு நிறுத்தம்.
இரண்டு இழு,
நிறுத்தத்தில் அடித்தது.

வெள்ளியாய் ஒருமுறை எழும்பித் தலையை உதறியது.
கொடுவாதான். கண்ணில் சிவப்புப் பொறி.
வலை கிழித்துத் தப்பியதோ, கடலில் பிறந்ததோ.
படகைத் திருப்பி இழுத்தது.
ரீல் அலறியது.
நான் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்,
இழுக்கப்படுவதில் இவ்வளவு சந்தோஷம் என்று தெரியாமல்.

பிறகு தடி நிமிர்ந்தது.

நுனியைச் சுற்றி எடுத்துப் பார்த்தேன்.
அறுபடவில்லை. வழுக்கியிருக்கிறது.
பின்னல் நரம்பும் தங்கூசியும் சேரும் முடிச்சு.
இருபது சுற்று வேண்டும்.
வெள்ளி இரவு பன்னிரண்டில் இருந்தபோது
தொலைபேசி. காத்திப்பில் ஒரு பெட்டிக்குள்
டியூஷன் முடிந்து வந்த பையன்.
"லைட் எரியுதா தம்பி? சரி, உக்காந்துக்க. வர்றேன்."
திரும்பி வந்தபோது மணி இரண்டு.
முடிச்சு முடிந்ததுபோல் இருந்தது.
வாலை நறுக்கினேன்.

கயிற்றில் நாலைந்து இழை நைந்தாலே
ஒரு புளோக்கையே படியேற வைக்கிறவன்.

எதிர்ப்பல் இல்லாத முள்.
இந்நேரம் உதறியிருக்கும்.
உதறியிருக்க வேண்டும்.

பகல் பதினொன்று. மூன்று துண்டையும் சாய்த்துவைத்து
ஓரமாய் நின்றேன், சொட்டச் சொட்ட.
ஆறாவது மாடி மேடம் குவேக்
உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார்.
"மீன் வாசனையே இல்லையே?"
"இல்லை மேடம்."

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
பெட்டி லேசாய் ஒரு குலுங்கு குலுங்கியது.
வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.
கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டேன்,
அதற்குக் கீழேயே
இன்னொரு வரியாக: இருபது.