பதினேழு மில்லிசெக்கன்

நான்கு செக்கன்தான்.
மெக்கெய்சர் மைதானத்து மதிலுக்கு வெளியே நின்று
போனை உயர்த்திப் பிடித்து எடுத்தது.
உள்ளே நேவி பேண்ட் ஒத்திகை.
ஊதுகிறவர்கள் எல்லாரும் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்
ஸ்னேர் மட்டும் தனியே நடந்துபோனது,
கூட்டத்தோடு வந்தவன்
செருப்பறுந்து பின்தங்கியதுபோல.

இரவில்
கடைச் சட்டரை அரைவாசி இறக்கிவிட்டு
உடைந்த டிஸ்பிளேக்களுக்கு நடுவே லப்டொப்பைத் திறந்தால்
அந்த நான்கு செக்கன்
நெத்தலி முள்ளாய்க் கிடக்கிறது.
அடியின் தலை பார்த்து வெட்டவேண்டும்.
மயிரிழை முந்தினால் முன்னடியின் வால் ஒட்டிக்கொண்டு வரும்,
பிந்தினால் அடிக்குப் பல் இராது.

பதினாறு துண்டு.
ஜெனரேட்டர் இரைச்சலை அடியிலிருந்து அரித்து எடுத்தேன்.
ஏழாவதில் ஒரு காகம்.
அதைப் பிடுங்கப்போனால் தோலின் அதிர்வும் கூடவே வருகிறது.
இருக்கட்டும்.
மதிலோரம் நின்ற மான் எதிலும் இல்லை.
அது பார்த்துக்கொண்டு மட்டும்தான் நின்றது.

தொண்ணூற்றாறிலிருந்து நூற்றெழுபதுக்கு விரட்டினேன்.
அணிவகுப்பு, தப்பி ஓடுகிற கால்களாயிற்று.
கிக்கின் சுருதியை இறக்க இறக்க
உள்துறைமுகத்தில் நங்கூரம் போய்த் தரை தட்டியது.
பிறகு நசுக்கினேன்:
பெரிய அடிகளின் தலையை அமுக்கியதும்
குச்சி தொட்டும் தொடாமலும் விட்ட இடங்களெல்லாம்
முணுமுணுக்கத் தொடங்கின.

பதினோராவது மட்டும் கோட்டுக்கு வெளியே,
பதினேழு மில்லிசெக்கன் பிந்தி.
ஒரு சொடுக்கு.
கோட்டில் குந்தியது.

எட்டு நாள் கழித்து
ஒட்ட வெட்டிய தலையோடு ஒருவன்
சார்ஜ் ஏறாத போன் கொண்டுவந்தான்.
பில்லில் பெயர் எழுதினேன்: ஹசந்த.
சோல்டரிங் அயன் சூடேறும்வரை
மூலை ஸ்பீக்கரில் என் லூப் ஓடிக்கொண்டிருந்தது.
கண்ணாடி மேசையில் அவன் விரல்கள்
முதல் சுற்றில் தேடின,
இரண்டாம் சுற்றில் கூடவே ஓடின,
மூன்றாவதில் நின்றுவிட்டன.

"இது நான்."

மதிலுக்கு வெளியே போன் தூக்கி நின்ற ஒரு பெட்டை,
உள்ளே நேவி.
இதை எந்தப் பாஷையில் தொடங்குவது?
அயன் நுனியில் ஈயம் புகைந்தது.
வாய்க்குள் மூன்று பொய்களைத் தயாராக வைத்திருந்தேன்.

அவன் கேட்டது வேறு.
"இங்க நான் லேட்.
குச்சி சறுக்கினது. சேர் ஏசினார்.
எங்க அது?"

"சரிப்படுத்திட்டன்."

"ஏன்?"

எழுநூறு ரூபாய்.
மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

மறுபடியும் அரைவாசிச் சட்டர்.
பதினோராவது துண்டைப் பிடித்துக் கையால் இழுத்தேன்.
வேகம் கூட்டியபின் பதினேழு பத்தாய்ச் சுருங்கவேண்டும்,
கணக்கு அப்படித்தான் சொல்கிறது.
பத்து வைத்தேன். அவன் இல்லை.
இருபது வைத்தேன்,
வேண்டுமென்றே பிந்துகிறவனின் நடிப்பு.
பதினேழு.
ஓடிவந்த எல்லாம் ஒருகணம் காலிடறி
விழாமல் ஓடியது,
காகமும்தான்.

கோப்பின் பெயர் இன்னும் 'நேவி ஸ்னேர் 3'.
அழித்துவிட்டு
'ஹ' என்று தட்டினேன்.
கேட்காமல் எடுத்ததற்கு
கேட்காமல் ஒரு பெயரும் வைப்பதா என்று யோசிக்கையில்
கரண்ட் போனது.
பட்டரி பதினொரு வீதம்.
லூப் ஓடுகிறது.