கடல் சொல்லும் வயது

கடலில்லாத நாட்டுக்குக்
கடல் பொதியாக வரும்.
இன்று ஹோங்கர்பெர்க் மலைக்கு அது வந்தது
69ஆம் எண் பேருந்தில்,
என் மடிமேல் உட்கார்ந்து.

பாசல் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில்
நூற்றிருபது வருடம் இருட்டில் கிடந்த பவளக்கல்.
கழுத்தில் கட்டிய அட்டையில் பழுப்பேறிய மை:
மன்னார். பெப்ரவரி 1904. உயிருடன் எடுக்கப்பட்டது.

அந்த ‘உயிருடன்’தான் எங்களுக்கு வேண்டும்.
இறந்த நாள் தெரிந்தால்
கல்லும் சாட்சிக்கு வரும்.

ரெகுலா வைர வாளால் அரிந்தாள்.
எக்ஸ்ரே படத்தில் ஆண்டுக்கொரு வரி,
வெளிறியது ஒன்று, அடர்ந்தது ஒன்று.
விளிம்பிலிருந்து உள்ளே எண்ணிப் போனேன்.
ஓரிடத்தில் வரிகள் நெருக்கியடித்து நின்றன.
கணக்குப்படி அது தாது வருஷம்.
கரையில் பஞ்சம்.
தண்ணீருக்குள் என்ன நடந்ததென்று யார் எழுதி வைத்தார்கள்?

பிறகு அமிலம். நுரை. வாயு.
வாயுவைச் சுட்டு எடுத்தால் கரி,
மிளகில் பாதிகூட இல்லை.
அதை அலுமினியக் குப்பிக்குள் அழுத்தி
இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.
இரவு முழுக்க அது
அணு அணுவாக எண்ணிக்கொண்டிருந்தது.

காலையில் திரையில் விடை:
1904இல் செத்த பவளம்
தன் வயதை நானூற்றைம்பது கூட்டிச் சொல்கிறது.
அதே வருடத்து ஓக் மரத்தின் வளையமோ
எண்பதோடு நிறுத்திக்கொள்கிறது.
மிச்சம் முன்னூற்றெழுபது
கடலின் கணக்கில்.

பவளம் பொய் சொல்லவில்லை.
வெயிலே காணாமல் ஆழத்தில் கிடந்த நீர்
மேலே வரும்போது பழங்காசுகளைக் கொண்டு வந்தது.
கிடைத்த காசில் அது வீடு கட்டியது.
சங்கும் அப்படித்தான், சிப்பியும் அப்படித்தான்,
மீன் தின்று வளர்ந்த மனிதனின் எலும்பும்.
இனி அந்தக் கரையிலிருந்து எது வந்தாலும்
இந்தக் கல்லைக் கேட்டுக் கழிப்போம்.

சாயங்காலம் அப்பா வந்தார்,
பல் வைத்தியர் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவோடு.
உள்ளே கடைவாய்ப் பல்.

எண்பத்துநான்கில் க்ரொய்ஸ்லிங்கனில்
ஒரு மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் கழித்த வருடங்கள் நான்கு.
ஐப்பசியில் பிறந்த செபமாலை குரூஸை
ஜனவரி ஒன்றில் பிறக்க வைத்தது ஒரு முத்திரை.
அந்த நான்கு வருடத்தையும்
இப்போது ஓர்லிக்கோன் உணவக அடுக்களையில்
பானை கழுவித் தீர்க்கிறார்.
ஓய்வூதியக் கந்தோர் கேட்பது பிறப்புச் சான்றிதழ்.
அது எரிந்த இடத்தில் இப்போது எருக்கலை.

“பல்லிலை வயசு தெரியுமாம், பேப்பரிலை போட்டிருந்தவன்.”

தெரியும் அப்பா.
குண்டு வெடித்துப் பார்த்த வருடங்களில்
காற்றில் ஏறிய கரி
எல்லாப் பிள்ளைகளின் பல்லிலும் பதிந்திருக்கிறது.
ஆனால் பேசாலையில் நீங்கள் தின்றதெல்லாம் மீன்.
கடல் உள்ளே புகுந்து கணக்கைக் குழப்பும்.

அவர் மேசையிலிருந்த பவளத்தைப் பார்த்தார்.
விரலால் தொட்டார், அரிந்த பக்கத்தை.
“உது எங்கடை பக்கத்துக் கல்லெல்லே?
அப்ப உதை வைச்சுக் கழியன்.”

மூன்று வருடம் மாநாடுகளில் நான் விளக்கியதை
ஒற்றை வரியில் முடித்துவிட்டார்.

கந்தோர் இதை ஏற்காது.
ரெகுலாவுக்கும் தெரியும், ஆனாலும்
மாதிரிப் படிவத்தை நகர்த்தி வைத்தாள்.
‘உண்மை வயது’ என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்:
தெரியும். தெரியாது.

பேனாவை அவரிடமே கொடுத்தேன்.
முதல் கட்டத்தில் அழுத்தமாக ஒரு சிலுவை போட்டார்,
கையெழுத்துப் போல.

நாளை திங்கள்.
ஆறு மணிக்கு அவருக்கு அடுக்களை.